மங்குக்கு அசெலாயிக் ஆசிட்: எரிகிறதே, நிறுத்திவிடலாமா?

கேள்வி: வயது 34. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னங்களிலும் மங்கு படர்ந்துவிட்டது. தோல் மருத்துவர் 20 சதவீத அசெலாயிக் ஆசிட் கிரீம் எழுதிக்கொடுத்தார். பூசினால் சுருக்கென்று எரிகிறது. 3 வாரமாகியும் மாற்றமில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். தொடரலாமா?

பதில்: தொடரலாம். இது தோல் வழியாக உடம்புக்குள் போவது மிகக் குறைவு. கோதுமையிலும் பார்லியிலும் இயற்கையாகவே இருக்கும் அமிலம்தான். குழந்தையைக் கொஞ்சும் முன் கிரீம் காய்ந்திருக்கட்டும், அது போதும்.

தேமல் வந்த இடம் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏன் என்று 1970-களில் ஆராயப்போய்த்தான் இந்த அமிலம் மருத்துவர்களின் கண்ணில் பட்டது. தேமல் உண்டாக்கும் பூஞ்சையே இதைத் தயாரிக்கிறது. நிறமி உருவாகத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியை இது தடுக்கிறது. அளவுக்கு மீறி வேலை செய்கிற நிறமி செல்களையே பெரும்பாலும் அடக்குவதால், பக்கத்துத் தோல் திட்டுத்திட்டாக வெளுக்காது.

சரி, எரிச்சல். பூசிய சில நிமிடங்களுக்குக் குறுகுறுப்பது முதல் சில வாரங்களில் சகஜம். முகம் கழுவி ஈரம் நன்றாகக் காய்ந்ததும் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் பட்டாணி அளவு கிரீம். ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் மட்டும் போடுங்கள். பழகியபின் தினமும், அப்புறம் காலையிலும். சிவந்து தோல் உரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பூசாதீர்கள். மாநிறத் தோலில் எரிச்சலே புதிய கருமையை விட்டுச் செல்லும். நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பலன் தெரிய 3 மாதமாவது ஆகும், நன்றாகத் தெரிய 6 மாதம். மாதம் ஒருமுறை அதே ஜன்னலோரம், அதே நேரத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடியை நம்ப வேண்டாம்.

சன்ஸ்கிரீன் இல்லாமல் இந்த கிரீம் வீண். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கருக்கவைக்கும் என்பதால், அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீனாக வாங்குங்கள்.

பொறுமை இழந்து, ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், மொமெடசோன் மூன்றும் கலந்த கிரீமை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். சில நாளில் முகம் பளிச்சென்றுதான் ஆகும். அதில் உள்ள மொமெடசோன் என்ற ஸ்டீராய்டால் மாதக்கணக்கில் பூசியவர்களின் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரிய, முகத்தில் முடி வளர்ந்து வருவதைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகிறது. நிறுத்தியதும் மங்கு முன்பைவிடக் கருப்பாகத் திரும்பிவிடும்.

கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் அதை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹார்மோன் மாத்திரைகளும் மங்கைத் தூண்டும். வேறு வழி இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.