தாழ்ப்பாள், தொட்டி, ஆள்: கம்பம்–குமுளி பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

போடி: ஏலக்காய் தரம் பிரிக்கிற கொட்டகை. இருபது பெண்கள், ஒரே கழிப்பறை. மாதவிடாய் வந்தால் பாதிப்பேர் லீவு போட்டுடுறாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கலாம், அக்கா?

தாழ்ப்பாளிலிருந்து. உள்ளே சரியாக விழாத தாழ்ப்பாளை வைத்துக்கொண்டு வேறு எது வாங்கினாலும் காசு வீண். அடுத்து, உள்ளேயே சுவிட்ச் உள்ள விளக்கு, உள்ளேயே குழாய். கதவின் உள்பக்கம் நாலரை அடி உயரத்தில் இரண்டு கொக்கி அடியுங்கள், ஒன்று பைக்கு, ஒன்று துணிக்கு.

பிறகு தொட்டி. ஐந்து லிட்டர் போதும், மூடி கட்டாயம். தரையில் வைக்கிற மிதித் தொட்டி எங்கள் பக்கத்து ஈரத்தில் துருப்பிடித்து மூடாமல் போகும். பிளாஸ்டிக் தொட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் சுவரில் மாட்டுங்கள், உட்கார்ந்தபடியே கை எட்டும். உள்ளே கறுப்புப் பை. நாப்கினைச் சுற்றிப் போட, பக்கத்து ஆணியில் நாலாய்க் கிழித்த செய்தித்தாளை நூலில் கோத்துத் தொங்கவிடுங்கள்.

அவசரத்துக்குப் பெரியது ஆறு, சாதாரணம் ஆறு நாப்கின், இறுக மூடும் டப்பாவில். திறந்து கிடந்தால் மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பசை பிடிக்காது. டப்பா கழிப்பறைக்குள் இருக்க வேண்டும். கணக்கப்பிள்ளை மேஜையில் வைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். மக்கள் மருந்தகங்களில் 2019-லிருந்து சுவிதா நாப்கின் ஒன்று ஒரு ரூபாய் என்று விற்கிறார்கள்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. தொட்டியை தினமும் யார் எடுப்பது என்பதுதான் நிஜமான கேள்வி. ஒரு ஆளைச் சொல்லி, கையுறை கொடுத்து, வேலை நேரத்துக்குள்ளேயே செய்யவிட்டு, அதற்குக் கூலியும் கொடுங்கள். எடுக்க ஆளில்லாமல் தொட்டி நிரம்பினால் நாப்கின் பேசினுக்குள் போகும். உள்ளிருக்கும் ஜெல் தண்ணீரை உறிஞ்சி ஊதி, குழாய் வளைவில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் கழிப்பறையே இல்லை.

கூடலூர் (தேனி): எங்கள் படிப்பகத்துக்கு நாப்கின் எரிக்கும் மெஷின் நன்கொடையாக வருது. கழிப்பறைக்குள்ளேயே மாட்டலாமா?

வேண்டாம். புகைக்குழாய் கூரைக்கு மேலே போகாத மெஷினை எந்த அறைக்குள்ளும் மாட்டாதீர்கள். நாப்கினின் அடிப்பகுதி பிளாஸ்டிக், நடுவே ஜெல். அது முழுதாக எரிய 800 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சுவரில் தொங்கும் சின்னப் பெட்டிகள் பல அந்தச் சூட்டைத் தொடுவதில்லை. அரைகுறையாய் எரிந்தால் டயாக்சின் மாதிரி நஞ்சு புகையோடு வரும்.

குமுளி: அப்ப பள்ளிக்கூடங்கள்ல மாட்டியிருக்காங்களே, அவங்க என்ன முட்டாளா?

நான் அப்படிச் சொல்லவில்லை, தம்பி. பள்ளியில் மாட்டியிருக்கிற மெஷினின் வெப்ப அளவையும் புகைக்குழாயையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் ஓடட்டும். ஒரே நேரத்தில் எத்தனை போடலாம் என்று அட்டையில் எழுதியிருக்கும், அதற்கு மேல் திணித்தால் உள்ளே கறுத்த கட்டிதான் மிஞ்சும். கரண்ட் போனால்? மெஷின் வைத்தாலும் தொட்டி வேண்டும்.

குமுளி, மறுபடியும்: தொட்டில போட்டா மட்டும் குப்பை மாயமா மறையுமா? கடைசியில யாரோ ஒருத்தர் கையிலதானே போகுது!

இது சரியான கேள்வி. 2016 திடக்கழிவு விதிகளே நாப்கினை உறையிலோ தாளிலோ இறுகச் சுற்றித்தான் போடச் சொல்லின. புனேயில் குப்பை சேகரிக்கும் ஸ்வச் கூட்டுறவுப் பெண்கள் பொட்டலத்தின் மேல் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னார்கள், பிரிக்கிறவர் திறக்காமலே அறிந்துகொள்ள. உங்கள் கேரளப் பக்கம் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் கழுவிக் காய்ந்த பிளாஸ்டிக் எடுக்க வருவார்கள். அந்தச் சாக்குக்குள் நாப்கினை ஒளித்து வைப்பது அநியாயம். நாப்கினை யார், எந்த நாளில் எடுப்பார்கள் என்று பஞ்சாயத்தில் கேட்டுவிட்டுத் தொட்டி வாங்குங்கள்.

சின்னமனூர்: வாடைக்குத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடலாமா?

கூடாது. குளோரின் பட்டதை எரித்தால் மேலே சொன்ன நஞ்சுக்கு வழி. கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் கலந்தால் அங்கேயே குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும். தினமும் பையை எடுத்தால் வாடை வராது.

உத்தமபாளையம்: மெஷின் எது நல்லது?

மேலே படியுங்கள்.

தேவிகுளம்: லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுல, துணிதான் வச்சுக்கிறோம். மழையில காயமாட்டேங்குது.

பச்சைத் தண்ணீரில் முதலில் அலசுங்கள். சுடுதண்ணீர் பட்டால் கறை பதிந்துவிடும். பிறகு சோப்பு. கொடியை மறைப்பதற்காகச் சேலைக்கு அடியில் போடுவதால்தான் ஈரமாகவே கிடக்கிறது. லயத்தின் பின்புறம் ஒளி புகும் ஷீட்டில் சின்னக் கூரை, கொடி மறையும் உயரத்துக்கு மறைப்பு, மேலேயும் கீழேயும் காற்றுக்கு இடைவெளி விட்டால் யார் கண்ணிலும் படாது, காயவும் செய்யும். வெயில் வந்த நாளில் நேர் வெயில். முழுக்கக் காயாததை மடித்து வைக்காதீர்கள். கழிப்பறை வேண்டுமென்று நிர்வாகத்திடம் கேட்கத் தயங்காதீர்கள், 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே பெண்களுக்குத் தனிக் கழிப்பறை சொல்லியிருந்தார்கள்.

கம்பம்: ஆண்கள் கழிப்பறையில் எதுக்குத் தொட்டி?

பெண்ணாய்ப் பிறந்து ஆணாய் வாழும் திருநம்பிகளுக்கும் மாதவிடாய் உண்டு. டயாப்பர் போடும் பெரியவர்களுக்கும் உதவும். ஒவ்வொரு அறைக்கும் ஒன்று.

பாளையம்: ஒரு மணிக்கொரு நாப்கின் நனையுது...

இது தொட்டி விஷயமில்லை தங்கச்சி. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

வண்டிப்பெரியார்: கடையில் வலிமாத்திரை வாங்கி வைக்கலாமா? மெஷினும் பார்க்கிறோம்.

மெஷின் பற்றி இனி பதில் இல்லை. மாத்திரையும் பொதுவில் வேண்டாம், வயிற்றுப்புண்ணோ ஆஸ்துமாவோ இருப்பவருக்கு ஆகாமல் போகலாம். வெந்நீர்ப் பை வையுங்கள். கொதிக்கும் நீரை ஊற்றாமல் சற்று ஆறவிட்டு, முக்கால்வாசிக்குக் குறைவாக நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். துண்டு சுற்றித்தான் வயிற்றில் வைக்க வேண்டும். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள்.

கம்பம்மெட்டு: ஜீப்பில் பதினாலு பேர், வழியில் கறை பட்டுட்டா?

ரெக்ஸின் சீட்டென்றால் ஈரத்துணி போதும். துணி உறையென்றால் பச்சைத் தண்ணீரும் சோப்பும். சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புத் துண்டும், இரண்டு நாப்கினும், ஒரு கறுப்புப் பையும் எப்போதும் கிடக்கட்டும். டிரைவரிடம் கேட்டு எடுக்கிற மாதிரி வைக்காதீர்கள்.