மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு முழுநேரமாகத் தொழிலில் இறங்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். கொழும்பில் அரச பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறீர்கள், இன்னும் மூன்று செமஸ்டர் பாக்கி. நண்பரோடு சேர்ந்து புறக்கோட்டையில் உடுப்பு எடுத்து இணையத்தில் விற்கிறீர்கள், மாதம் ஐம்பதாயிரம் மிஞ்சுகிறது. படிப்பை விட்டால் அதை மூன்று மடங்காக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நானும் மூன்று செமஸ்டர் பாக்கி இருக்கும்போதுதான் நிறுத்தினேன். அது 2017 பெப்ரவரி. அதனால் பொதுவாக எதையும் சொல்லாமல், எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

நான் கொட்டாஞ்சேனைப் பையன். இரண்டாம் வருடத்தில் பள்ளிக்கூட நண்பன் ஒருவனோடு சேர்ந்து சாப்பாட்டுக் கடைகளுக்கு லஞ்ச் சீட் (சோறு கட்டும் பொலித்தீன் தாள்), ரெஜிபோம் பெட்டி (சாப்பாடு போடும் வெள்ளை நுரைப் பெட்டி), சொப்பிங் பேக் போடத் தொடங்கினேன். மகாபொலப் புலமைப்பரிசில் காசில் மிச்சம் பிடித்ததும், அம்மா சீட்டு எடுத்துத் தந்ததுமாக 35 ஆயிரம் ரூபாதான் முதல். புறக்கோட்டையில் ஒரு மொத்தக்கடை முதலாளியிடம் சரக்கு எடுப்போம், முஸ்லிம் பெரியவர், நானா என்றுதான் கூப்பிடுவோம். சுமை தூக்குபவர்கள் தள்ளும் நாட்டாமை வண்டியில் சரக்கு தெருமுனை வரை வரும். அங்கிருந்து நண்பனின் அப்பாவுடைய ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடை கடையாகப் போவோம். 2016 முடியும்போது நாற்பது கடை எங்களிடம் வாங்கின. மாதம் ஆளுக்கு 45 ஆயிரம் நின்றது. விரிவுரைக்குப் போய் உட்கார்ந்தால் கைபேசி அடித்துக்கொண்டே இருக்கும். வெளியே வந்து பேசுவேன், அப்புறம் உள்ளே போக மனம் வராது. இந்த நிலை உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நிறுத்துகிறேன் என்று ஒரு விரிவுரையாளரிடம் சொன்னேன். மேடம் என்னை மறிக்கவில்லை. "சரி, போங்க. ஆனா சும்மா வராம நிக்க வேண்டாம். ஒரு வருஷத்துக்கு இடைநிறுத்தித் தரச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் குடுத்திட்டுப் போங்க" என்றார். எனக்கு அது தேவையில்லாத வேலையாகப் பட்டது. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, தன் மேசையில் இருத்தி எழுத வைத்தார். ஒரே ஒரு பக்கம். அந்தக் கடிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். அந்தத் துயரம் என் தொழிலைத் தொடும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சரிவைத் தொடர்ந்து, செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் லஞ்ச் சீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் சொப்பிங் பேக்குக்கும் தடை வந்தது. தடை சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நாங்கள் விற்ற மூன்று சரக்கும் அந்த ஒரே அறிவிப்பில் இருந்தன. அறையில் மூன்று லட்சத்துக்குச் சரக்கு. கடைகளில் நின்ற கடன் 4 லட்சத்து 10 ஆயிரம். நானாவுக்கு பின்திகதி போட்டுக் கொடுத்த செக் 2 லட்சத்து 60 ஆயிரம்.

உக்கும் லஞ்ச் சீட்டுக்கு மாறலாம் என்று ஓடினோம். விலை கூட. கடைக்காரர்கள் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார்கள். புதுச் சரக்கு எடுக்காதவர்கள் பழைய கடனையும் தரவில்லை. கடன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு நானாவிடம் போய் அவகாசம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "தம்பி, இதுல இந்த மாசம் கையில வந்தது எவ்வளவு?" என்று கேட்டார். எவ்வளவு விற்றோம், எவ்வளவு இலாபம் என்று நிமிடத்தில் சொல்லக்கூடிய எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு வருடமாக நான் இலாபம் என்று நினைத்ததில் பெரும்பகுதி ஊர்க் கடைகளின் மேசை லாச்சிகளில் கிடந்திருக்கிறது.

அம்மாவின் காப்பு இரண்டு அடகுக்குப் போனது. ஒன்றை 2020இல்தான் மீட்டேன்.

அப்போது வேலை தேடினேன். கடன் அடைக்க மாதச் சம்பளம் வேண்டும். என் கையில் இருந்தது ஏ.எல். (உயர்தரம்) பெறுபேறு மட்டும். நாற்பது கடையை நடத்திய அனுபவம் பற்றி நேர்முகத்தில் ஆர்வமாகக் கேட்டார்கள், பாராட்டினார்கள், பிறகு பட்டம் இருக்கிறதா என்று கேட்டார்கள். விற்பனைப் பிரதிநிதி வேலைதான் கிடைத்தது. என் நண்பனுக்குத் திரும்பிப் போக ஒரு வகுப்பறையும் இல்லை. அவன் ஏ.எல்.லோடு நிறுத்தியிருந்தான். அந்த வருடக் கடைசியில் கட்டாருக்குப் போனான், இன்னும் அங்கேதான் இருக்கிறான். என்னைவிட நல்ல வியாபாரி அவன். இதை எழுதும்போதும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

எனக்கு அந்தக் கடிதம் இருந்தது. 2018 தொடக்கத்தில் பீடத்துக்குப் போனேன். இடைநிறுத்தம் முறைப்படி பதிவாகியிருந்ததால் அடுத்த பிரிவோடு சேர்த்துக்கொண்டார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில வாரம் எல்லாம் மூடிக்கிடந்தது, பரீட்சை தள்ளிப்போனது. ஆனாலும் அந்த வருடத்துக்குள் முடித்துவிட்டேன். கணக்குப் பிரிவில் இரண்டு வருடம் வேலை செய்து, சேர்த்த காசில் 2021இல் மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை கடதாசிப் பெட்டி, கேக் பெட்டி. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடத் தவணைப் பரீட்சையையே ஒத்திப்போட்டார்கள், நினைவிருக்கும். டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் 360க்குப் போனது. என் தொழில் அப்போது படுத்திருக்க வேண்டும். படுக்காததற்குக் காரணம், நான் யாருக்கும் கடனுக்குக் கொடுக்கவில்லை, யாருக்கும் பின்திகதி செக் எழுதவில்லை. அந்த வருடம் முழுக்க மிகச் சின்னதாக நடத்தினேன்.

இப்போது உங்கள் ஐம்பதாயிரத்துக்கு வருவோம். இதைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும்.

என் 45 ஆயிரத்தைப் பிற்பாடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். சரக்கு வைத்த அறை நண்பனின் மாமாவுடையது, வாடகை இல்லை. ஓட்டோ அவன் அப்பாவுடையது, பெற்றோல் மட்டும்தான் எங்கள் செலவு. நான் இருந்ததும் சாப்பிட்டதும் அம்மாவிடம். இதற்கெல்லாம் ஊர் விலைப்படி காசு கொடுத்திருந்தால் என் பங்குக்கு 31 ஆயிரம் போயிருக்கும். மிச்சம் 14 ஆயிரம். அதாவது என் இலாபத்தில் பெரும்பங்கு அம்மாவின் சமையலும் ஒரு மாமாவின் அறையும். மாணவனாக இருக்கும்வரை எல்லோரும் விட்டுக்கொடுப்பார்கள். முழுநேர வியாபாரி ஆன அடுத்த மாதமே அந்த மாமா வாடகை பற்றிக் கதைத்தார். அதில் அவர்மேல் பிழையும் இல்லை.

நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கூரியர் ஊடாக, பொதி வந்த பிறகு காசு என்ற முறையில் விற்கிறீர்கள் என்றால் திரும்பி வரும் பொதிகள் எத்தனை? அவற்றின் கூலியைக் கழித்தீர்களா? கூரியர்காரரிடமிருந்து காசு எத்தனை நாளில் வருகிறது, அதற்குள் புதுச் சரக்கு எடுக்க யார் காசு போடுகிறார்? மூன்று மடங்காக்கினால் பொதி கட்ட ஓர் ஆளாவது வேண்டும். சம்பளத்துக்கு மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் உங்கள் கையிலிருந்து போகும். எல்லாம் கழித்து, வீட்டுக்குச் சாப்பாட்டுக் காசு கொடுத்ததாகவும் எழுதி, மிச்சத்தைப் பாருங்கள். அப்படியும் ஆறு மாதம் தொடர்ந்து ஒரு தொடக்கச் சம்பளம் அளவுக்கு நின்றால் உங்கள் தொழில் உண்மையான தொழில். அப்போது கூட, என் எண்ணத்தில், இந்த மூன்று செமஸ்டரை விடக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். புறக்கோட்டை அங்கேயேதான் இருக்கும். இரண்டாம் குறுக்குத் தெருவில் 2027இலும் உடுப்பு எடுக்கலாம். ஆனால் அரச பல்கலைக்கழக இடம் அப்படி இல்லை. உயர்தரம் மூன்று தடவைக்குள் எழுதி, பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளி போதுமான அளவு வந்து, எத்தனையோ பேருக்குக் கிடைக்காத இடம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஒருமுறை பதிவு செய்துவிட்டு விட்டுப்போனவர் மறுபடி புதிதாக விண்ணப்பித்து உள்ளே வருவதற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. படிப்புக்குக் கட்டணமும் இல்லை. இப்படி ஒன்றை விட்டுவிட்டுப் போவதால் உங்களுக்கு மிஞ்சுவது கிழமைக்கு இருபது மணித்தியாலம். அந்த இருபது மணித்தியாலத்தைச் சம்பளத்துக்கு ஆள் வைத்தே வாங்கிவிடலாம்.

நண்பர் பில் கேட்ஸ் பற்றிச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 1975இல் கேட்ஸ் ஹார்வர்டை விட்டபோது, ஆல்டெயர் கணினி செய்த நிறுவனம் அவருடைய பேசிக் மென்பொருளை வாங்கத் தயாராக இருந்தது. வாங்குபவர் வந்த பிறகுதான் அவர் போனார். உங்களுக்கு அப்படி ஒருவர் எழுத்தில் வந்திருந்தால் சொல்லுங்கள், என் பதிலை மாற்றி எழுதுகிறேன்.

இதே கேள்வியைத் தனியார் நிறுவனத்தில் காசு கட்டிப் படிக்கும் ஒருவர் கேட்டிருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். அடுத்த வருடக் கட்டணத்துக்கு வீட்டில் நகை அடகு வைக்க வேண்டும், பாடமும் பிடிக்கவில்லை என்றால், அந்தக் காசையும் வருடத்தையும் அதில் போட வேண்டாம் என்றே சொல்வேன். அப்போதும் படித்த வருடங்களுக்கு ஒரு டிப்ளோமாவாவது தருவார்களா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வர வேண்டும்.

உங்களுக்கு இப்போது செய்ய வேலை இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தல் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். மாணவராக இருந்துகொண்டே செய்யலாம். அந்தப் பதிவோடு வங்கியில் தொழிலுக்கென்று தனிக் கணக்குத் திறவுங்கள். நண்பரோடு பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் சரக்கு யாருக்கு என்பதை எழுதிக் கையெழுத்து வையுங்கள். நானும் நண்பனும் எழுதவில்லை. கடனை யார் எவ்வளவு அடைப்பது என்று கதைத்த அந்த ஒரு இரவில்தான் எங்களுக்குள் முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது.

வீட்டில் சொல்லுங்கள். பயந்து மறைத்துக்கொண்டு தொழில் செய்வது மிகவும் களைப்பான விடயம். அம்மாவிடம் நான் சொன்னது எல்லாம் கவிழ்ந்த பிறகுதான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, "ஏன்டா முதலே சொல்லயில்ல?"

இவ்வளவுக்குப் பிறகும் நிறுத்தத்தான் போகிறேன் என்றால், பீட அலுவலகத்துக்குப் போய் இடைநிறுத்தத்துக்கு விதி என்ன, அதிக பட்சம் எத்தனை வருடத்துக்குள் பட்டத்தை முடிக்க வேண்டும் என்று கேளுங்கள். கடிதத்தை இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது இப்போதும் கடையில், வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் இருக்கும் அதே கோப்பில் இருக்கிறது.