மெக்சிகன் ரைஸ் வீட்டில் செய்தால் குழைந்துபோகிறது, நிறமும் வெளிறிப்போகிறது. சரியாகச் செய்வது எப்படி?

நீங்கள் தண்ணீர் அளவைத்தான் சந்தேகப்படுவீர்கள். எனக்குத் தெரிந்து தவறு அதற்கு முன்பே, அரிசியை வறுக்கும்போதே நடந்துவிடுகிறது. வேலைக்காக மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் இரண்டு வருடம் இருந்தபோது, நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவின் அடுப்புப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டது இது.

அங்கே இதற்கு 'அர்ரோஸ் ரோஹோ' என்று பெயர், சிவப்புச் சோறு. ஒரு கப் நீள அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, வடிதட்டில் கொட்டி நன்றாக உலரவிடுவார். ஈரம் இருந்தால் வறுபடாது, வேகத்தான் செய்யும்.

மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், மிதமான தீ. முதலில் அரிசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரண்டியை இழுக்கும். கை விடாமல் கிளறுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் பிரிந்து, பால் வெள்ளையாகி, பிறகு ஓரங்கள் பொன்னிறமாகும். அப்போது சத்தமும் மாறும். உலர்ந்த மணலைக் கிளறுவதுபோல் கலகலவென்று கேட்கும். அந்தச் சத்தம் வரும்வரை அந்த அம்மா தக்காளியைத் தொடமாட்டார். இப்படி வறுபட்ட அரிசி வெந்த பிறகும் பருக்கை பருக்கையாக நிற்கும்.

நன்கு பழுத்த தக்காளி இரண்டு, கால் வெங்காயம், ஒரு பல் பூண்டு. பச்சையாகவே அரைத்து வடிகட்டி அதில் ஊற்றுங்கள். இளஞ்சிவப்பாக இருக்கும் விழுது, சுண்டச் சுண்ட செங்கல் நிறத்துக்கு வரும். நிறம் வெளிறுவது இங்கே அவசரப்படுவதால்தான்.

அதன்பிறகு உப்பு, கொதிக்கும் கோழிச்சாறு. தக்காளி விழுதையும் சேர்த்து மொத்தம் இரண்டு கப். பாஸ்மதியானால் ஒன்றே முக்கால் போதும். சைவமென்றால் காய்கறி வேகவைத்த தண்ணீர். பொடியாக நறுக்கிய கேரட், பட்டாணி, கீறாத பச்சை மிளகாய் ஒன்று, கொத்தமல்லிக் கொத்து ஒன்று. கொதித்ததும் மூடி, சிறு தீயில் கால் மணி நேரம். நடுவில் திறக்கவும் வேண்டாம், கிளறவும் வேண்டாம். அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள்.

சீரகம் போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய இருக்கின்றன. அது டெக்சாஸ் பக்கத்துப் பழக்கம். குவாதலஹாராவில் நான் சாப்பிட்ட வீடுகளில் யாரும் போடவில்லை. தக்காளியும் சாறும் தரும் சுவையைச் சீரகம் அமுக்கிவிடுகிறது என்பது என் கருத்து.

மெக்சிகோவில் இந்தச் சோற்றை 'சோப்பா செக்கா' வகையில் சேர்க்கிறார்கள், அதாவது உலர்ந்த சூப். ஊற்றிய சாறு முழுவதையும் அரிசி குடித்துவிடுவதால் அந்தப் பெயர். மதியச் சாப்பாட்டில் முதலில் சூப், அடுத்து இந்தச் சோறு தனியாக, அதற்குப் பிறகே கறி. அந்த அம்மா தட்டின் ஓரத்தில் வாழைப்பழமும் நறுக்கி வைப்பார். அந்த ஊரில் பலரும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். தக்காளிப் புளிப்போடு அந்த இனிப்பு அவ்வளவு பொருத்தம். ஒரு பழம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.