பூட்டிக் கிடந்த மளிகைக் கடையைத் திறக்கும் முன்

கேள்வி: என் கணவருக்குப் பக்கவாதம் வந்ததால் 2024 ஆகஸ்டில் எங்கள் மளிகைக் கடையைப் பூட்டினோம். பதினாறு மாதம் ஆகிவிட்டது. இப்போது தேறிவிட்டார், கல்லாவில் உட்கார முடியும். தை முதல் வாரத்தில் திறக்க நாள் பார்த்திருக்கிறோம். கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. பெயின்ட் அடித்து, புது போர்டு வைத்து, சரக்கு நிரப்பினால் போதுமா? இடையில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடவே இல்லை.
– வாசகி, ராஜபாளையம்

பதில்: பெயின்ட்டும் போர்டும் காத்திருக்கட்டும். கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான் முதல் வேலை.

மாதாந்தர ரிட்டர்ன் தொடர்ந்து ஆறு மாதம் வராவிட்டால் ஜிஎஸ்டி பதிவை அதிகாரி ரத்து செய்யலாம். உங்களுடையது அநேகமாக ரத்தாகியிருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும். ரத்து உத்தரவு வந்து 90 நாள் தாண்டவில்லை என்றால் பாக்கி ரிட்டர்ன்களைப் போட்டுவிட்டு ஆர்இஜி-21 மனு கொடுத்துப் பதிவை மீட்கலாம். தாண்டியிருந்தால் தக்க காரணம் காட்டி இன்னும் 180 நாள் வரை அவகாசம் கேட்க வழி உண்டு. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். விற்பனையே இல்லாத மாதத்தின் 3பி என்ற சுருக்க ரிட்டர்னுக்குத் தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 500. பயந்து தள்ளிப்போடும் அளவுக்குப் பெரிய தொகை இல்லை. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள்தான் என்றால் பதிவு இல்லாமலும் கடை நடத்தலாம். பழைய பாக்கி மட்டும் அதனால் மறைந்துவிடாது.

பில் மெஷினையும் பாருங்கள். நீங்கள் பூட்டியிருந்தபோது, 2025 செப்டம்பர் 22-ல் வரி விகிதம் மாறியது. குளியல் சோப்பு, ஷாம்பு, தலைக்கு எண்ணெய், பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதம்; நெய், வெண்ணெய் 12-லிருந்து 5. வாஷிங் பவுடர் 18-லேயே நிற்கிறது. பழைய விகிதத்தில் பில் போட்டால் முதல் மாத ரிட்டர்னே குழம்பும்.

அடுத்தது தராசு. எலக்ட்ரானிக் தராசுக்கு எடை சரி என்று அரசு வைக்கும் முத்திரை ஓர் ஆண்டுக்குத்தான், உங்களுடையது முடிந்திருக்கும். முத்திரைக்குக் கொண்டுபோகும் முன் பேட்டரியைப் பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறாமல் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே சல்ஃபேட் படிந்து செத்துவிடும், மாற்றத்தான் வேண்டும். தராசின் சர்க்யூட் போர்டுக்குள் கரப்பான் குடியேறியிருந்தால் எண் நிலைக்காமல் ஆடும். மெக்கானிக் சரிசெய்த பிறகு முத்திரை வாங்குங்கள். முத்திரைக்குப் பின் திறந்தால் சீல் உடைந்து, மறுபடி முதலிலிருந்து. உணவுப் பாதுகாப்புப் பதிவின் தேதியையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள். எலிப் புழுக்கையைக் காயக் கூட்டினால் தூசியோடு கிருமியும் மூச்சில் ஏறும். அரை மணி நேரம் ஷட்டரைத் திறந்து போட்டுவிட்டு, கையுறையும் மாஸ்க்கும் அணிந்து, பத்தில் ஒரு பங்கு பிளீச் திரவம் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். எலி, வண்டுக்கென்று யாராவது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை தந்தால் வாங்கவே வேண்டாம். அதன் வாயு சுவர் இடுக்கு வழியே பக்கத்து வீட்டு ஆளைக் கொல்லும்.

பழைய சரக்கில் தேதி கடந்தது எதுவும் ரேக்குக்குத் திரும்பக் கூடாது. காறல் வாடை எண்ணெய், வண்டு விழுந்த பருப்பு, எல்லாம் வெளியே. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையை மாட்டுக்கும் வைக்காதீர்கள்: அதிலுள்ள அஃப்லாடாக்சின் பாலில் இறங்கும். தூக்கி எறியும் முன் ஏஜென்சிக்காரரிடம் ரிட்டர்ன் எடுப்பாரா என்று கேளுங்கள்; சிலர் எடுப்பார்கள். வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்குக் கழிவு எடுத்த சரக்கை அழித்தால் அந்தக் கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதால் பட்டியல் எழுதி வையுங்கள்.

ஃப்ரிட்ஜைக் கழுவி, பின்பக்கக் கம்பிச்சுருளில் தூசி தட்டி, ஒரு முழு நாள் காலியாக ஓட்டுங்கள். உள்ளே தெர்மாமீட்டர் வைத்து 4 டிகிரிக்கு இறங்குகிறதா பார்த்த பிறகே பால் வாங்க வேண்டும். கதவு ரப்பர் காய்ந்து விறைத்திருந்தால் இறங்காது.

ஒன்றரை லட்சத்தில் 90 ஆயிரத்தைச் சரக்குக்கும், 20 ஆயிரத்தைக் கட்டணம், பழுதுபார்ப்புக்கும் ஒதுக்கிவிட்டு மிச்சம் 40 ஆயிரத்தைத் தொடாதீர்கள். இரண்டாம் வாரம் ஏஜென்சிச் சரக்கோடு லைன் வண்டி வரும்போது அதுதான் கைகொடுக்கும். எல்லா ரேக்கிலும் ஒவ்வொரு பாக்கெட் பரப்பி வைத்தால் கடை காலியாகத் தெரியும். மூன்று ரேக்கை நிறைத்து, மற்றதைத் துணி போட்டு மூடுங்கள். ஆட்கள் இந்தப் பதினாறு மாதத்தில் வேறு கடைக்குப் பழகிவிட்டார்கள். அவர்களைத் திருப்புவது பால், தயிர், முட்டை, இட்லி மாவு, தேங்காய், வெங்காயம் போன்ற தினசரிச் சாமான்கள்தான், மாதச் சாமான் அல்ல. அதனால் காலை ஆறு மணிக்குத் திறப்பதாகச் சொன்னால் ஆறுக்கே திறந்திருக்க வேண்டும். கணவரால் முடியாத நாளுக்கு ஆள் ஏற்பாடு இல்லாமல் அந்த நேரத்தை அறிவிக்காதீர்கள்.

கல்லாவில் ஒட்டியிருக்கும் பழைய கியூஆர் அட்டையில் உங்கள் போனிலிருந்தே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் புழங்காத யுபிஐ ஐடி முடங்கியிருக்கலாம்.

பழைய கடன் நோட்டை முதல் மாதம் வெளியே எடுக்க வேண்டாம். பாக்கிக்காரர் கேள்விக்குப் பயந்து எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தால் பாக்கியும் போகும், தினசரிப் பாலும் போகும். புதுக் கடனும் அதுவரை கிடையாது.