சுரங்கப் பொறியியலில் நான்கு வருடம் என்னதான் படிப்பார்கள்?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன். கணிதமும் இயற்பியலும் பிடித்த பாடங்கள். சுரங்கப் பொறியியலில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் அதில் என்ன சொல்லித் தருவார்கள் என்று கேட்டால் சரியாகச் சொல்ல ஆளில்லை. "நிலக்கரிச் சுரங்கத்தையெல்லாம் மூடிவிட்டால் வேலைக்கு எங்கே போவாய்?" என்கிறார்கள் வீட்டில். பெண்ணான நான் நிலத்தடியில் வேலை பார்க்க முடியுமா என்ற சந்தேகமும் இருக்கிறது. சேரலாமா?

பதில்: கணிதமும் இயற்பியலும் பிடிக்கும் என்றால் தாராளமாகச் சேரலாம். ஆனால் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கலைத் தெரிந்துகொண்டு சேருங்கள். கட்டடம் கட்டுகிறவர் எந்தக் கம்பி, எந்தக் கலவை என்று தானே முடிவு செய்கிறார். சுரங்கப் பொறியாளருக்கு அந்த வசதி கிடையாது. பாறை எப்படி இருக்கிறதோ அதை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். அதிலும் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. அங்கங்கே துளையிட்டு எடுத்த சில மாதிரிகளைக் கொண்டு, உள்ளே என்ன இருக்கும், எவ்வளவு இருக்கும், தோண்டினால் எது நிற்கும், எது இடியும் என்று கணிக்க வேண்டும். நீங்கள் படிக்கப்போகும் பாடங்களில் பெரும்பாலானவை இந்தச் சிக்கலிலிருந்து கிளைத்தவைதான்.

முதல் வருடத்தில் சுரங்கமே கண்ணில் படாது. கணிதம், இயற்பியல், வேதியியல், வரைபடம், கணினி நிரல் என்று மற்றப் பிரிவினர் படிப்பதையே நீங்களும் படிப்பீர்கள். தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று பல மாணவர்கள் நினைப்பது அப்போதுதான். பொறுமையாக இருங்கள். அடுத்த வருடம் நிலவியல், கனிமவியல், நில அளவை எல்லாம் வரும். அப்புறம் தாது இருப்பைக் கணக்கிடும் பாடம். உங்களுக்குப் புள்ளியியலில் ஆர்வம் இருந்தால் அதுதான் விருந்து. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் பணியாற்றிய டேனி கிரிக் என்ற பொறியாளர் 1950களின் தொடக்கத்தில், சில மாதிரிகளை மட்டும் நம்பித் தங்கத்தின் அளவைச் சொன்னால் எங்கே பிசகும் என்று ஆராய்ந்தார். அதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜார்ஜ் மாத்தரோன் ஒரு முழுக் கோட்பாடாக வளர்த்தார். மாதிரி எடுத்த இடங்களைக் கொண்டு எடுக்காத இடங்களின் அளவைக் கணிக்கும் அந்த முறை, கிரிக்கின் பெயரால் 'கிரிகிங்' என்று அழைக்கப்படுகிறது. அதை இன்று மண்வளம், நிலத்தடி நீர், காற்று மாசு என்று சுரங்கத்துக்குச் சம்பந்தமில்லாத துறைகளிலும் பயன்படுத்துகிறார்கள்.

என்னைக் கேட்டால், இந்தப் படிப்பின் உயிர் பாறை இயக்கவியலில்தான் இருக்கிறது. பாறை எவ்வளவு சுமை தாங்கும், எப்போது உடையும் என்று சொல்லும் பாடம் அது. தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கத்தில் 1960 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். நிலக்கரியை வெட்டும்போது மேல்கூரையைத் தாங்குவதற்காகக் கொஞ்சம் நிலக்கரியைத் தூண்களாக விட்டுவைப்பது வழக்கம். அங்கே அந்தத் தூண்கள் சுமை தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கின. ஒரு தூண் விழுந்ததும் அதன் சுமை பக்கத்துத் தூண்கள் மேல் ஏறியது. 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு சலமோன், மன்ரோ என்ற இருவர் நின்ற தூண்கள் 98, இடிந்த தூண்கள் 27 என்று உண்மையான சுரங்கத் தரவுகளை அலசி, தூண் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கு ஒரு சூத்திரத்தை 1967இல் வெளியிட்டார்கள். அகலம் கூடினால் வலிமை கூடும், உயரம் கூடினால் குறையும் என்பதை எண்ணாகச் சொல்லும் சின்னச் சூத்திரம் அது. தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடாதீர்கள். இந்தத் துறையில் இருக்கும் பல விதிகளுக்குப் பின்னால் இப்படி மனித உயிர்கள் இருக்கின்றன.

படித்தது சரியாகப் பயன்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பிங்காம் கேன்யன் மிகப் பெரிய திறந்தவெளிச் செம்புச் சுரங்கம். அதன் ஒரு பக்கச் சரிவு மெல்ல நகர்வதை ரேடார் உள்ளிட்ட கருவிகள் முன்கூட்டியே காட்டின. பொறியாளர்கள் நகர்வின் வேகத்தைத் தொடர்ந்து கவனித்து, ஆட்களை வெளியேற்றினார்கள். 2013 ஏப்ரல் 10 அன்று பத்துக் கோடி டன்னுக்கும் அதிகமான பாறை சரிந்து குழிக்குள் விழுந்தது. ஒருவருக்குக்கூடக் காயமில்லை. பாறை இயக்கவியல் வகுப்பில் சரிவின் நிலைத்தன்மை பற்றிப் போடும் கணக்குகள் எல்லாம் இதற்காகத்தான்.

அடுத்தது காற்றோட்டம். பெயரைக் கேட்டால் மின்விசிறி மாட்டுகிற வேலை மாதிரித் தோன்றும். மீத்தேன் வாயு காற்றில் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அந்த அளவை நெருங்கவே விடாமல், கிலோமீட்டர் கணக்கில் நீளும் சுரங்கப் பாதைகள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காற்று போக வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த அளவு காற்றை உள்ளே தள்ள வேண்டும். ஆழம் கூடக்கூட வெப்பமும் சேர்ந்துகொள்ளும். தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கம் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஆழம். அங்கே பாறையின் வெப்பமே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலிருந்து பனிக்கட்டிக் கூழைக் குழாயில் அனுப்பிக் குளிர்வித்தால்தான் ஆட்கள் வேலை செய்ய முடியும். திரவ இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும் எதற்குப் படித்தோம் என்பது உங்களுக்கு இந்த வகுப்பில் புரிந்துவிடும்.

வெடிப்பு, இயந்திரங்கள் பற்றிய பாடங்களும் உண்டு. சுரங்கம் என்றாலே வெடி வைப்பதுதான் என்று வெளியில் நினைப்பார்கள். உண்மையில் அந்தப் பாடத்தில் அதிகம் பேசப்படுவது துளைகளின் இடைவெளியும், ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் விடும் மில்லி விநாடித் தாமதமும்தான். அந்தத் தாமதம் பாறை எப்படி உடைகிறது என்பதையும், பக்கத்து வீடுகள் எவ்வளவு அதிர்கின்றன என்பதையும் பெரிதும் மாற்றிவிடும்.

பொருளாதாரப் பாடத்தை அலட்சியம் செய்யாதீர்கள். செம்புத் தாதில் 0.6 சதவீதம் செம்பு இருக்கிறது என்றால், ஒரு டன் பாறையில் இருப்பது 6 கிலோதான். மீதி 994 கிலோ கழிவுக்குத்தான் போகும். செம்பு விலை ஏறினால் நேற்றுவரை வெறும் கல்லாக இருந்தது இன்று தாதாகிவிடும், விலை விழுந்தால் தாது மறுபடியும் கல்லாகிவிடும். எதை எடுப்பது, எதை விடுவது என்ற கோட்டைப் போடுகிறவர் பொறியாளர். அந்த 994 கிலோவுக்கு ஒரு இடமும் அவர்தான் தேட வேண்டும். 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புத் தாதுச் சுரங்கத்தின் கழிவுச்சேறு தேக்கிய அணை உடைந்து சுமார் 270 பேர் இறந்தார்கள். கழிவு மேலாண்மையை விருப்பப் பாடமாக மட்டும் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் என்றால் நான் யோசிப்பேன்.

சரி, வீட்டார் கேட்கும் நிலக்கரிக் கேள்விக்கு வருவோம். அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. நிலக்கரியை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் சேர வேண்டாம் என்றே நானும் சொல்வேன். ஆனால் மின்சார வாகனம், காற்றாலை, மின்கம்பி எதுவாக இருந்தாலும் செம்பு, லித்தியம், நிக்கல் வேண்டும். அவற்றில் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்கடியிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. அதோடு, பாறையைப் படித்தவருக்குச் சுரங்கத்துக்கு வெளியேயும் வேலை உண்டு. மெட்ரோ ரயில் குகைப்பாதை, மலைக்குள் அமையும் நீர்மின் நிலையம் எல்லாமே இதே கணக்குத்தான். பாறையின் தரத்தை மதிப்பிட நார்வேயில் 1974இல் உருவான 'க்யூ' முறை குகைப்பாதைகளுக்காக வந்தது, இன்று சுரங்கங்களிலும் பயன்படுகிறது. எனவே விருப்பப் பாடம் எடுக்கும்போது குகைப்பாதை, தரவுப் பகுப்பாய்வு, தானியக்கம் பக்கம் ஒரு கண் வைத்திருங்கள். ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ராட்சத லாரிகளைச் சுமார் 1500 கிலோமீட்டர் தள்ளி, பெர்த் நகரில் உட்கார்ந்துகொண்டு கண்காணிக்கிறார்கள்.

பெண்கள் பற்றிய உங்கள் சந்தேகம் வெறும் பயமில்லை. பெண்களை நிலத்தடிச் சுரங்க வேலையில் அமர்த்தக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1935இல் ஒரு உடன்படிக்கையே போட்டது. பிற்பாடு பல நாடுகள் அதிலிருந்து விலகித் தங்கள் சட்டங்களை மாற்றிக்கொண்டன. இன்று நிலத்தடியில் பொறியாளர்களாகவும் மேலாளர்களாகவும் பெண்கள் இருக்கிறார்கள். ஆனாலும் நாட்டுக்கு நாடு விதி மாறும், இரவுப் பணிக்குத் தனி நிபந்தனைகளும் இருக்கலாம். நீங்கள் வேலை பார்க்க விரும்பும் நாட்டின் தற்போதைய சுரங்கச் சட்டத்தைச் சேரும் முன்பே படித்துவிடுங்கள். கழிப்பறை, உடை மாற்றும் அறை, உங்கள் அளவுக்குப் பொருந்தும் பாதுகாப்பு உடை போன்றவை இருக்கின்றனவா என்று பயிற்சிக்குப் போகும் சுரங்கத்தில் கேட்கத் தயங்கவே தயங்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிட நான் முதலில் பார்ப்பது களப்பயிற்சியைத்தான். ஒரு நாள் சுற்றிக்காட்டிவிட்டு அழைத்து வருவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. சில வாரங்களாவது சுரங்கத்திலேயே இருக்க வேண்டும், முடிந்தால் திறந்தவெளி ஒன்று, நிலத்தடி ஒன்று. பாறை மாதிரியை மாணவர்களே உடைத்துப் பார்க்கும் ஆய்வகம் இருக்கிறதா என்று மூத்த மாணவர்களிடம் விசாரியுங்கள். கடைசியாக, பல நாடுகளில் பட்டம் மட்டும் இருந்தால் ஒரு சுரங்கத்துக்குப் பொறுப்பேற்க முடியாது. நிலத்தடி அனுபவம் சேர்த்து, தேர்வு எழுதி, மேலாளர் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். நீங்கள் சேரப்போகும் பட்டத்தை அந்தத் தேர்வுக்கு ஏற்றுக்கொள்கிறார்களா என்று பல்கலைக்கழகத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கட்டணத்தைக் கட்டுங்கள்.