ஞாயிறு மதியம் தண்ணீர் தீர்ந்தால்

ஆகஸ்ட் ஞாயிறன்று பிரான்ஸில் ஓர்லேயானிலிருந்து புளுவா வரை லுவார் ஆற்றோரமாகத் தனியாகச் சைக்கிளில் போகிறேன், வழியில் தண்ணீரும் சாப்பாடும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு குழாய் உண்டு. பிரான்ஸில் ஒரு தடவை இரண்டு பாட்டிலும் காலியாகி, நாக்கு ஒட்டிக்கொண்ட நேரத்தில் அப்படித்தான் தப்பித்தேன். மதில் நிழல், கொக்கியில் தொங்கிய பச்சைப் பூவாளி, முதலில் சுடச்சுட வந்து அப்புறம் சில்லென்று மாறிய தண்ணீர், எல்லாம் இன்னும் நினைவிருக்கிறது. குழாய்ப் பலகையில் ‘நொன்’ (non, ‘அல்ல’) என்ற சொல் இருந்தால் குடிக்காதீர்கள், தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.

சாப்பாடுதான் சிக்கல். ஞாயிறன்று கிராமத்து பேக்கரி மதியத்தோடு மூடிவிடும், திங்களன்று பல இடங்களில் திறக்கவே மாட்டார்கள். அதனால் காலையிலேயே இரண்டு வேளைக்கு ரொட்டியும் சீஸும் வாங்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

இந்தத் திசையில் எதிர்க்காற்றுக்குத்தான் வாய்ப்பு அதிகம், விடியலிலேயே கிளம்புங்கள். முடியவில்லையா, சரி, பாதி வழியில் போஜான்ஸியில் ரயில் நிலையம் இருக்கிறது.