டிஸ்டார்ஷன் மாடுல் கைவேலை: கேள்வி பதில்

தனித்தனி மாடுல்களை வயரால் கோத்து ஒலி உண்டாக்கும் என் மாடுலர் சின்தசைசருக்கு, ஒலி அலையை வெட்டிக் கரகரப்பாக்கும் ஒரு டிஸ்டார்ஷன் மாடுலைக் காரைக்குடி வீட்டு வளவில் உட்கார்ந்து நானே செய்தேன். அதைச் சொன்னதிலிருந்து கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. கேட்டவரின் ஊரை முன்னால் போட்டு, வந்த வரிசையிலேயே பதில்.

தேவகோட்டை: அண்ணே, கிடார் பெடல் சர்க்யூட் ஒன்றை அப்படியே டாட் போர்டில் (துளையிட்ட பலகை) செய்து ரேக்கில் மாட்டினேன். எந்தக் குமிழைத் திருப்பினாலும் ஒரே கரகரப்பு. எங்கே தப்பு?

சால்டரிங்கில் தப்பில்லை தம்பி, அளவில்தான். கிடாரிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் கீழே. நம் மாடுல்களின் அளவுமுறையான யூரோராக்கில், அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் தருவதோ மேலே 5, கீழே 5, மொத்தம் 10 வோல்ட். சிலிக்கன் டயோடு 0.6 வோல்ட்டிலேயே அலையின் தலையைச் சீவிவிடும். பெருக்குவதற்கு முன்பே வெட்டு விழுந்துவிடுகிறது. முதலில் அடக்கி, அப்புறம் வெட்டி, வெட்டியதை மறுபடி 5 வோல்ட்டுக்குத் தூக்க வேண்டும்.

என் சர்க்யூட் இதுதான். டிஎல்072 ஐசி ஒன்று. அதற்குள் சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் இரண்டு. முதலாவது இன்வெர்ட்டிங் (அலையைத் தலைகீழாக்குவது): இன்புட்டில் 100கே (100 கிலோ ஓம்) ரெசிஸ்டர், அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பும் ஃபீட்பேக்கில் 1எம் (10 லட்சம் ஓம்) பாட், அதாவது குமிழ் வைத்த ரெசிஸ்டர். குமிழ் அடியில் இருந்தால் சத்தமே இல்லை, முழுக்கத் திருப்பினால் 10 மடங்கு. அங்கிருந்து 2.2கே வழியாக வரும் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே எதிரெதிராக இரண்டு 1என்4148 சிலிக்கன் டயோடு. இரண்டாவது ஆப்-ஆம்ப் நான்-இன்வெர்ட்டிங் (தலைகீழாக்காதது): ஃபீட்பேக்கில் 68கே, கிரவுண்டுக்கு 10கே, ஏறக்குறைய 8 மடங்கு. 0.6-ஐ 8-ஆல் பெருக்கினால் நமக்கு வேண்டிய 5 வந்துவிடும். கடைசியில் 1கே, அப்புறம் அவுட்புட் ஜாக். ஐசியின் 8-ஆம் காலுக்கு +12, 4-ஆம் காலுக்கு −12; ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு 100 நானோஃபாரட் கபாசிட்டர். அதை மறந்தால் ஐசி தானாகப் பாட ஆரம்பித்துவிடும்.

புதுவயல்: டிஎல்072 இங்கே கிடைக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டாம். மைக்செட் ஆம்ப்ளிஃபயர் செய்பவரிடம் 4558 கேளுங்கள். கால் வரிசை ஒன்றுதான். ஐசியைச் சொருகும் பேஸ் போட்டுவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

காரைக்குடி: ஜெர்மானியம் டயோடு போட்டால் இனிமையாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

இனிமை அவரவர் காது. சிலிக்கன் வெட்டுவது அரிவாள் வெட்டு; ஜெர்மானியம் 0.3 வோல்ட் வாக்கிலேயே தொடங்கி மெல்ல வளைத்து வெட்டும். நம் ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஓடாத டிரான்சிஸ்டர் ரேடியோ கிடைத்தால் வாங்கி வையுங்கள். அந்தக் கால ரேடியோக்களில் டிடெக்டராக இருப்பது பெரும்பாலும் ஜெர்மானியம்தான். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்தால் 0.2, 0.3 காட்டும். சூடு தாங்காது, சால்டர் வைக்கும்போது காலில் ஒரு முதலை கிளிப்பைக் கவ்வவிடுங்கள். சத்தம் குறைந்தால் 68கே-க்குப் பதில் 100கே.

சிவப்பு எல்இடியும் போடலாம். அது 1.7 வோல்ட் அளவில் வெட்டுவதால் 68கே-ஐ 22கே ஆக்குங்கள். வெட்டும்போது மினுக்கும் என்பது உபரி மகிழ்ச்சி.

கானாடுகாத்தான்: பேரன் ராத்திரியெல்லாம் ஈயம் வைக்கிறான் தம்பி. அந்தப் புகை ஆகுமா?

ஆச்சி, அந்தப் புகை, ஈயக் கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் என்ற பிசின் எரிவதால் வருவது. ஈயம் அந்தச் சூட்டில் ஆவியாகாது. ஆனாலும் புகை நெஞ்சுக்கு ஆகாது. அறைக்குள் வேண்டாம், முற்றத்தில் உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். கை கழுவாமல் பலகாரத்தைத் தொடவிடாதீர்கள். ஈயம் கை வழியாகத்தான் வயிற்றுக்குப் போகும்.

பள்ளத்தூர்: பவர் கேபிளைத் திருப்பிச் சொருகிவிட்டேன். ஐசி போயிருக்குமா?

தொட்டால் சுட்டதென்றால் போயிற்று. நானும் இரண்டு ஐசிகளை இப்படித்தான் பலி கொடுத்தேன், இரண்டாவது முதலாவதற்கு அடுத்த நாளே. கேபிளில் சிவப்புக் கோடு உள்ள பக்கம் −12. சிவப்பென்றால் பிளஸ் என்று பழகிய கைக்கு இது ஏறாது. பிளஸிலும் மைனஸிலும் ஒவ்வொரு 1என்5817 டயோடைத் தொடராகப் போடுங்கள், திசை பார்த்து.

கண்டனூர்: வீட்டில் உம்ம்ம் என்ற இரைச்சல் போகவே மாட்டேன் என்கிறது.

பழைய வீடா? வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் பாருங்கள். டிஸ்டார்ஷன் சின்னச் சத்தத்தையும் தூக்கிக் காட்டும் என்பதால், வேறெங்கும் கேட்காத 50 ஹெர்ட்ஸ் இங்கே கேட்கும். குமிழ் ரெசிஸ்டரின் (பாட்) உலோக உடலும் முன் பேனலும் கிரவுண்டோடு சேர்ந்திருக்கட்டும்.

காரைக்குடி: எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை இதற்குள் விடலாமா? வீணை வாசிக்கும் அக்கா திட்டுவார்.

திட்டட்டும், விடுங்கள். முன்னால் ஒரு ப்ரீஆம்ப் வேண்டும், அவ்வளவுதான். சட்ஜமும் பஞ்சமமும் 2-க்கு 3. சட்ஜம் 130 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 195 என்றால், இரண்டையும் சேர்த்து வெட்டும்போது யாரும் வாசிக்காத 65 ஹெர்ட்ஸ் உள்ளிருந்து எழும். அதுவும் சட்ஜம்தான், ஒரு ஸ்தாயி கீழே. காந்தாரத்தைச் சேர்த்தால் இந்த ஒழுங்கு கலைந்து இரைச்சல் கூடும். முதலில் பஞ்சமத்தோடு கேளுங்கள். அக்காவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், அந்தக் கீழ் சட்ஜத்தை உங்களுக்கு முன்னால் அவர்தான் பிடிப்பார்.